கொரியப் போர்க்காலத்தை வைத்துச் சரித்திரக் கதை எழுதுவது எப்படி: 1592-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அரண்மனை, வாள், அழகான இளவரசன், கூரை மேல் ஓடும் ஒற்றன். கொரிய வரலாற்றை வைத்துத் தமிழில் கதை எழுத உட்காருபவர்களில் பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள். தொடர்களைப் பார்த்து வந்த ஆசை அது, தப்பில்லை. ஆனால் போரில் பிழைத்தவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அரண்மனையால் பெரிய உபயோகம் கிடையாது. அங்கே என்ன, எந்தத் தேதியில் நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். இன்று இரவு எதைத் தின்பது, எங்கே படுப்பது, யாரை விட்டுவிட்டுப் போவது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

படி 1: போரைத் தேர்ந்தெடுங்கள், உடனே அதைச் சுருக்குங்கள்

கொரியாவில் போருக்குப் பஞ்சமில்லை. 1231-ல் மங்கோலியர் நுழைந்தார்கள்; அடுத்த ஆண்டே அரசவை கங்வா தீவுக்கு இடம்பெயர்ந்தது, உள்நாட்டு மக்கள் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அடி வாங்கினார்கள். 1636 குளிர்காலத்தில் மஞ்சூ படை வந்தபோது அரசர் இன்ஜோ நம்ஹான் மலைக்கோட்டையில் நாற்பது நாட்களுக்கு மேல் முற்றுகையில் கிடந்து, கடைசியில் இறங்கி வந்து மண்டியிட்டார். 1950-ல் தொடங்கிய போர் நம் தாத்தா தலைமுறை செய்தித்தாளில் படித்தது; இந்தியாவின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு அங்கே போய் வேலை செய்திருக்கிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது இம்ஜின் போர். 1592 முதல் 1598 வரை, ஜப்பானை ஆண்ட டொயொட்டொமி ஹிதெயொஷியின் படைகள் ஜோசோன் நாட்டின் மீது, அதாவது அன்றைய கொரியாவின் மீது, இரண்டு முறை நடத்திய படையெடுப்பு. முதல் அலையில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். காரணம் ஒன்றுதான்: தப்பிப் பிழைத்தவர்கள் எழுதி வைத்தது இந்தப் போருக்கு ஏராளமாக இருக்கிறது.

ஏழு ஆண்டுப் போரை ஒரு கதையில் அடக்கப் பார்க்காதீர்கள். ஒரு சாலை, ஒரு பருவம், ஐந்தாறு பேர் போதும். உதாரணத்துக்கு: சியோலிலிருந்து வடக்கே இம்ஜின் ஆறு வரை ஒரு பகலும் ஒரு இரவும். அல்லது, 1593 இளவேனிலிலிருந்து 1594 கோடை வரை ஒரு கிராமத்தின் பட்டினி. அல்லது, 1597 இலையுதிர்காலத்தில் பிடிபட்டு ஜப்பானுக்குக் கப்பலேறும் ஒரு குடும்பம். கடற்படைத் தளபதி யீ சுன்-சின் தூரத்தில் ஒரு வதந்தியாக மட்டும் வந்து போகட்டும். ‘தெற்கே கடலில் நம்ம ஆள் ஜெயிக்கிறாராம்’ என்று யாரோ சொல்ல, அதை யாரும் நம்பாமல் இருந்தால் அதுவே நன்றாக இருக்கும்.

படி 2: எழுதி வைத்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்

விக்கிப்பீடியாவில் தொடங்குங்கள், அங்கேயே தங்கிவிடாதீர்கள். இந்தப் போருக்கு முதன்மையாகப் படிக்க வேண்டியவை இவை.

ஜிங்பிரோக், அன்றைய உயர் அமைச்சர் ரியூ சோங்-ரியோங் போருக்குப் பின் எழுதியது. எங்கே தவறினோம் என்று தன் அரசையே உரித்துப் பார்க்கும் நூல். ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அரசரோடு ஓடியவர், பட்டினிச் சாவைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் கதை எழுதுபவருக்கு இது தங்கச் சுரங்கம். ஆனால் அவரும் அரசியல்வாதி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் இடங்கள் இருக்கும், கவனியுங்கள்.

நன்ஜுங் இல்கி, யீ சுன்-சினின் போர் நாட்குறிப்பு. வெற்றிகளுக்காகப் படிக்க வேண்டாம். வயிற்று வலி, தூக்கமின்மை, அம்மாவைப் பற்றிய கவலை, ஓடிப்போன வீரர்களுக்குக் கொடுத்த தண்டனை ஆகியவற்றுக்காகப் படியுங்கள்.

என் மனதுக்கு நெருக்கமானது ஸ்வேமிரோக். பதவி ஏதும் இல்லாத யாங்பான் பிரபு ஓ ஹீ-முன், தூரத்து ஊர்களில் இருந்த அடிமைகளிடம் வரவேண்டிய பாக்கியை வசூலிக்க 1591 கடைசியில் சியோலை விட்டுத் தெற்கே கிளம்பினார். போர் மூண்டது. அம்மாவும் மனைவி மக்களும் தலைநகரில், இவர் ஜாங்சு மலைகளில். அடுத்த ஒன்பது ஆண்டுகள் அகதியாகவே எழுதினார். யார் வீட்டில் எவ்வளவு அரிசி கடன் கிடைத்தது, எந்த அடிமை எதைத் தூக்கிக்கொண்டு ஓடினான், தேன்கூடு, பட்டுப்புழு, மீன், சண்டை, கடைசி மகளின் சாவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. வீரச் சாகசம்தான் இல்லை. ஓடிப்போன அடிமையின் பக்கத்துக் கதை அதில் கிடையாது. அதை எழுதுவது உங்கள் வேலை.

அரச வரலாறான ஜோசோன் சில்லோக் கொரிய மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு வைத்து மேலோட்டமாகப் புரிந்துகொள்ளலாம். பெயர், எண், இடம் மூன்றையும் மட்டும் மறுபடி சரிபாருங்கள். அந்தச் சில்லோக் பிழைத்த கதையே ஒரு நாவலுக்குப் போதும். நான்கு ஊர்களில் நான்கு பிரதிகள் இருந்தன. சியோல், சுங்ஜு, சோங்ஜு மூன்றும் அழிந்தன. மிஞ்சியது ஜோன்ஜு பிரதி. அன் உய், சொன் ஹோங்-ரோக் என்ற வயதான இரு உள்ளூர் அறிஞர்கள் பெட்டிகளை நேஜாங் மலைக்குச் சுமக்க ஏற்பாடு செய்து, ஒரு வருடத்துக்கும் மேல் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். இதை இன்னும் ஏன் நம்மூர் யாரும் எழுதவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

எதிர்த் தரப்பிலும் ஒரு குரல் உண்டு. 1597-ல் படையோடு மருத்துவராக வந்த ஜப்பானியத் துறவி கெய்னென் எழுதிய நாட்குறிப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

எழுத்து மட்டும் போதாது, மண்ணும் பேசும். பூசான் நகரின் டொங்னே பகுதியில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டியபோது 2005-ல் பழைய கோட்டை அகழி வெளிப்பட்டது. உள்ளே ஆயுதங்களோடு எலும்புக்கூடுகள். வாள் வெட்டும் குண்டுக் காயமும் பட்டவை, பெண்கள், குழந்தைகள் உட்பட. இப்போது சுவன் ரயில் நிலையத்துக்குள்ளேயே அருங்காட்சியகம் இருக்கிறது. போர் தொடங்கியதுமே டொங்னே கோட்டை வீழ்ந்த நாளை எழுதப் போகிறவர்கள் அந்தக் காட்சிப் பொருட்களின் படங்களையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 3: இரண்டு நாட்காட்டி, ஒரு வரைபடம்

மூலங்களில் இருக்கும் தேதி எல்லாம் சந்திர நாட்காட்டி. ‘நான்காம் மாதம் 13’ என்பதை ஏப்ரல் 13 என்று எழுதினால் வானிலை, பயிர், பகலின் நீளம் எல்லாமே பிசகும். அது 1592 மே 23. அன்றுதான் பூசான் கடலில் கப்பல்கள் தெரிந்தன. நான்காம் மாதம் 30, அதாவது ஜூன் 9 விடியலில், அரசர் சோன்ஜோ மழையோடு சியோலை விட்டு ஓடினார். ஐந்தாம் மாதம் 3, ஜூன் 12 அன்று, தலைநகர் விழுந்தது. இறங்கிய நாளிலிருந்து வெறும் மூன்று வாரம்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: சந்திரத் தேதி, ஆங்கிலத் தேதி, வயலில் என்ன நடக்கிறது. மூன்றாவது பத்திதான் கதையை நகர்த்தும். மே கடைசி என்பது பழைய நெல் தீர்ந்து புது வாற்கோதுமை இன்னும் கைக்கு வராத நேரம். கொரியாவில் காலங்காலமாக வயிறு சுருங்கும் பருவம் அது. வாற்கோதுமையை அறுக்க வேண்டிய, நெல்லைக் கவனிக்க வேண்டிய வாரங்களில் ஊரே மலையேறிவிட்டது. அடுத்த ஆண்டும் பல இடங்களில் விதைக்க ஆளில்லை, மாடில்லை, விதையும் இல்லை. 1593, 1594-ன் பெரும் பஞ்சம் இங்கிருந்துதான் வந்தது. துப்பாக்கியால் செத்தவர்களை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால் போரில் பாதியை விட்ட மாதிரி.

1593-ல் கொரிய நாட்காட்டியில் பதினோராம் மாதம் இரண்டு முறை வந்தது, நம்மூர் அதிக மாதம் போல. ஜப்பானிய நாட்காட்டி அதை வேறு இடத்தில் வைத்தது. இரண்டு தரப்பு மூலங்களையும் பயன்படுத்தினால் இந்தக் குழியில் விழாமல் பாருங்கள்.

வரைபடத்தில் நதிகளைப் பெரிதாக வரையுங்கள். நக்டொங், ஹான், இம்ஜின், டேடொங். அகதிக்கு ஆறுதான் கதவு. படகு யாரிடம், கூலி என்ன, கடைசிப் படகு போன பிறகு கரையில் நிற்பவர் யார் என்ற கேள்விகளிலேயே மூன்று அத்தியாயம் கிடைத்துவிடும்.

படி 4: பசிக்குப் படிகள் உண்டு, ஒவ்வொன்றாக இறங்குங்கள்

புதிதாக எழுதுபவர்கள் ‘மக்கள் பசியால் வாடினர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பட்டினி அப்படி வருவதில்லை. முதலில் சோற்றில் தினை, வாற்கோதுமை கலக்கும். பிறகு சோறு கஞ்சியாகும். கஞ்சியில் கீரை கூடும், தானியம் குறையும். அதற்கப்புறம் காடு: மாசிபத்திரி, காட்டுக் கிழங்கு, ஓக் மரத்துக் கொட்டை, பைன் மரத்தின் உள்பட்டை, பைன் ஊசியிலை. கொட்டையைக் கசப்புப் போக ஊறவைத்துத்தான் தின்ன முடியும். அதற்குப் பானையும் தண்ணீரும், ஒரே இடத்தில் தங்குவதற்கு நேரமும் வேண்டும், ஓடிக்கொண்டிருப்பவருக்கு அது கிடையாது. அப்புறம்தான் விதைநெல், உழவு மாடு. அதையும் தாண்டினால் பிள்ளையை விற்பது, தன்னையே அடிமையாக எழுதிக் கொடுப்பது.

இதில் விதைநெல்லைத் தொடும் இரவை ஒரு முழு அத்தியாயமாக எழுதலாம். அதைத் தின்பவருக்கு அடுத்த வருடம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அரசாங்கம் இதையெல்லாம் அறியாமல் இல்லை. 1554-லேயே குஹ்வாங் சுவாலியோ என்ற பஞ்சகாலக் கையேட்டைக் கொரிய எழுத்து விளக்கத்தோடு அச்சிட்டிருந்தார்கள். பைன் இலையைப் பொடித்துத் தின்றால் மலம் கட்டும், அதற்கு எல்ம் மரப் பட்டையின் சாற்றைச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. பட்டினியில் சாகக் கிடப்பவருக்குச் சுடுசோற்றைத் திடீரென்று கொடுத்தால் உயிர் போய்விடும். முதலில் சோயா ரசத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, பிறகு ஆறிய கஞ்சி கொடு என்கிறது. உங்கள் கதையில் ஒருத்தி, பாசத்தால், காணாமல்போய்த் திரும்பி வந்த தம்பிக்குச் சுடச்சுடச் சோறு போட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக் கிழவி கையைத் தட்டிவிட ஓடி வரலாம். அவள் வந்து சேர்ந்தாளா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள்.

1593-ல் ரியூ சோங்-ரியோங் பைன் இலைப் பொடியில் சிறிது அரிசி மாவு கலந்து, தண்ணீரில் கரைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆள் அதிகம், தானியம் கொஞ்சம். ஒரு இரவு பெருமழை. அவர் தங்கிய இடத்தைச் சுற்றிலும் பசித்தவர்களின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஆங்காங்கே பிணங்கள். இதை அவரே எழுதியிருக்கிறார். மீட்கப்பட்ட சியோலுக்குள் அந்த ஆண்டு நுழைந்தபோது, நூற்றில் ஒருவர்கூட மிஞ்சவில்லை, மிஞ்சியவர்கள் முகம் பேய் மாதிரி இருந்தது, நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது என்கிறார்.

படி 5: உங்கள் ஆள் யார், அவருக்கு எது இல்லை

ஜோசோன் சமூகத்தில் மேலே யாங்பான், கீழே நோபி எனப்பட்ட அடிமைகள். நடுவில் விவசாயிகள், கைவினைஞர்கள், அலுவலக எழுத்தர்கள். அடிமைகள் மக்கள்தொகையில் சிறு கூட்டமல்ல. போர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வந்தது. யாங்பானுக்கு நிலமும் ஆளும் போனது. அடிமைக்கோ சில சமயம் கதவு திறந்தது. அரசர் ஓடியதும், அடிமைப் பதிவேடுகள் இருந்த அலுவலகங்களைக் கூட்டம் முதலில் கொளுத்தியது என்று திருத்திய சில்லோக் சொல்கிறது. அரண்மனைகளை எரித்தது யார் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது. பிற்பாடு தானியம் கொடுத்தவருக்குப் பெயர் எழுதாத பதவிப் பத்திரங்கள் விற்கப்பட்டன, எதிரியின் தலையைக் கொண்டுவந்த அடிமைக்கு விடுதலை கிடைக்க வழி பிறந்தது. யாருடைய தலை அது என்று சோதிப்பவர் யார்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு குறுநாவல் எழுதலாம்.

பெண் பாத்திரங்களை எழுதும்போது தொடர்களில் பார்க்கும் இறுக்கமான மாமியார் வீட்டை 1592-க்குக் கொண்டுபோகாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் மகளுக்கும் சொத்தில் பங்கு இருந்தது, கணவன் மனைவி வீட்டோடு போய் வாழ்வதும் சகஜம். ஆகவே ஓடும் குடும்பம் பெண்ணின் பிறந்த வீட்டுக்குப் போவது இயல்பு. கல்யாணமான பெண்ணின் குடும்பப் பெயரும் அப்பாவுடையதுதான், மாறாது.

படி 6: மூலத்தில் ஒரு வரி, கதையில் ஒரு காட்சி

இதைச் செய்து காட்டினால்தான் புரியும். ஜிங்பிரோக்கில் வருவது: அரசர் ஓடிய இரவு, மழை. இம்ஜின் ஆற்றங்கரையில் இருட்டு. எதிரி தெப்பம் கட்டிவிடக் கூடாதென்று தென்கரையில் இருந்த பழைய அரசுக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். அந்த வெளிச்சம் வடகரை வரை எட்டியது, ஆற்றைக் கடந்தவர்கள் அதில் வழி தெரிந்து நடந்தார்கள். டொங்பா என்ற தங்கல் நிலையத்தில் இரண்டு ஊர் அதிகாரிகள் அரசருக்குச் சாப்பாடு தயாரித்து வைத்திருந்தார்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த காவலர்கள் சமையலறைக்குள் புகுந்து அள்ளித் தின்றுவிட்டார்கள். அரசருக்கு ஒன்றும் இல்லை. அதிகாரிகளில் ஒருவர் பயந்து ஓடிவிட்டார்.

அரசரின் பசியை எழுதினால் நாடகம் ஆகிவிடும். நான் அடுப்படியில் இருந்து பார்ப்பேன்:

*ஈர விறகு. ஊதி ஊதி மக்தோங்கின் கண் எரிந்தது. மூன்று குவளை அரிசி, ஒரு காய்ந்த மீன், முள்ளங்கி; இந்த நிலையத்தில் இருந்ததே அவ்வளவுதான். “மூடியைத் தொடாதே, ராஜா சாப்பாடு” என்றாள் சமையற்காரக் கிழவி. கதவுக்கு வெளியே மழையில் நின்ற ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு கதவு உள்பக்கமாகச் சாய்ந்தது. யாரும் கத்தவில்லை. முதலில் வந்தவன் இடுப்பில் வாள் இருந்தது, அதை அவன் மறந்தே போயிருந்தான். கொதிக்கும் சோற்றில் கையை விட்டு, சூடு தாங்காமல் உதறி, மறுபடியும் விட்டான். கிழவி “ராஜா, ராஜா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவன் வாயை மென்றபடியே அவளைப் பார்த்து, “எந்த ராஜா, பாட்டி?” என்றான். மக்தோங் குனிந்து, தரையில் சிந்தியதைப் பொறுக்கத் தொடங்கினான்.*

இங்கே பையனும் கிழவியும் என் கற்பனை. மழை, பசித்த காவலர்கள், காலியான அரச பந்தி மூன்றும் பதிவு. மூலம் சொல்லாத இடத்தில்தான் கற்பனை நுழைந்திருக்கிறது. மூலம் சொன்னதை அது மாற்றவில்லை. இந்த விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே இரவுக்கு ஒரு கட்டுக்கதையும் உண்டு. அறிஞர் யீ இ போரை முன்பே உணர்ந்து ஆற்றங்கரை மண்டபத்தில் எண்ணெய் தடவி வைக்கச் சொன்னாராம், அதைக் கொளுத்தித்தான் அரசர் தப்பினாராம். நம்ம ஊர் மேடைக்கு அருமையாகப் பொருந்தும். பாத்திரம் ஒன்று பிற்காலத்தில் இதைச் சொல்லிக் கேட்பதாக வையுங்கள். நடந்ததாக எழுத வேண்டாம். ஜின்ஜுவில் ஜப்பானிய வீரனைக் கட்டிப்பிடித்து ஆற்றில் குதித்ததாகச் சொல்லப்படும் நொன்கே என்ற பெண்ணின் கதைக்கும் இதே கவனம் தேவை. போர் முடிந்து இருபது ஆண்டுக்கும் பிறகு வந்த ஒரு கதைத் தொகுப்பில்தான் அவள் முதன்முதலில் எழுத்தில் வருகிறாள். நொன்கே இருந்தாளா என்பதை விட, ஜின்ஜுக்காரர்களுக்கு ஏன் அவள் தேவைப்பட்டாள் என்பது எழுதுபவருக்குச் சுவாரஸ்யம்.

படி 7: எதிரியும், உதவிக்கு வந்தவனும்

ஜப்பானிய வீரன் எல்லோரையும் பேய் ஆக்கினால் வேலை சுலபம், கதை தட்டை. கெய்னெனைப் படியுங்கள். ராணுவத்தின் பின்னாலேயே ஆள் வியாபாரிகள் வந்தார்கள். ஆண், பெண், கிழவர், குழந்தை என்று வாங்கி, கழுத்தில் கயிறு கட்டி, கம்பால் அடித்து ஓட்டிப் போனார்கள் என்று அவர் எழுதுகிறார். தன் படையைப் பார்த்தே அவருக்குக் குமட்டுகிறது. ஆனாலும் அவர் அந்தப் படையோடுதான் ஊர் திரும்பினார். அந்த முரண்பாடு கதைக்குப் பொன்.

உதவிக்கு வந்த சீன மிங் படையைக் கொரியர்கள் கும்பிட்டார்கள், சபித்தார்கள். ஜப்பானியன் அகலப்பல் சீப்பு, மிங்காரன் பேன் சீப்பு என்று அன்றைக்கே மக்கள் சொன்னார்கள். முன்னவன் விட்டதைப் பின்னவன் வாரிவிடுவானாம். ஆனால் அதே மிங் தளபதிகளில் ஒருவர், சாலையில் செத்த தாயின் மார்பைச் சப்பிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து முகாமில் வளர்த்ததும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைக்க உங்களால் முடிந்தால் வையுங்கள்.

படி 8: கொடூரத்தை எவ்வளவு சொல்வது

1597-ல் ஜப்பானிய வீரர்கள், கொன்றதற்குச் சான்றாக, தலைக்குப் பதில் மூக்கை அறுத்து, உப்பிட்டு, கணக்குப் போட்டு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில் இன்றும் இருக்கிறது. 1594-ல் மனித இறைச்சி தின்ற செய்தி சில்லோக்கிலேயே வருகிறது. இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் விவரித்து விவரித்து எழுதினால் மூன்றாவது பக்கத்தில் வாசகருக்கு மரத்துப்போகும்.

காங் ஹாங் என்ற அறிஞர் இதற்கு ஆசான். 1597-ல் குடும்பத்தோடு கடல்வழி தப்பும்போது பிடிபட்டு ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார், 1600-ல் திரும்பி வந்தார். தன் சிறு பிள்ளைகளைக் கடற்கரை மணலில் விட்டுவிட்ட இடத்தை அவர் எழுதியது ஓரிரு வரிதான்: அலை ஏறி அவர்களை இழுத்துப் போனது, அழுகை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, வெகுநேரம் கழித்து நின்றது. ‘நெஞ்சு வெடித்தது’ என்று ஒரு அப்பா எழுதியிருந்தால் நாம் நம்பியிருப்போம். அவர் சத்தத்தை மட்டும் எழுதினார். மிகக் கொடிய இடத்தில் உங்கள் வாக்கியங்கள் சின்னதாகட்டும், உவமைகளைத் தூக்கிவிடுங்கள்.

படி 9: பேச்சும் பெயரும்

‘மாமன்னா, தங்கள் சித்தம்’ பாணி வேண்டாம். கொரிய மொழியின் மரியாதைப் படிநிலையை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் தவிக்கிறார்கள். நமக்கு நீ, நீங்க, அய்யா, சின்னய்யா எல்லாம் கைவசம் இருக்கிறது. அறுபது வயது அடிமையைப் பத்து வயது யாங்பான் பையன் ‘நீ’ என்று கூப்பிடும்போது தமிழ் வாசகருக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படாது. உறவுமுறைகளை அண்ணன், அக்கா, பெரியப்பா என்றே எழுதுங்கள். வரிக்கு வரி ‘ஒப்பா’ போட்டால் தொடருக்கு வசனம் எழுதியதாகத்தான் இருக்கும்.

பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக் கடைசி வரை மாற்றாதீர்கள். கிம், யீ, பார்க் மூன்று குடும்பப் பெயருக்குள்ளேயே பாதி நாடு அடங்கும், ஆகவே முக்கியப் பாத்திரங்களுக்கு வேறு வேறு ஓசையில் பெயர் வையுங்கள்.

படி 10: அடுக்களையிலிருந்து பிழை தேடுங்கள்

பிழைகள் பெரும்பாலும் சாப்பாட்டில் ஒளிந்திருக்கும். 1592-ல் சிவப்புக் கிம்ச்சி கிடையாது. மிளகாய் கொரியாவுக்குப் புதிது, 1614-ல் தொகுக்கப்பட்ட நூலில்தான் அதைப் பற்றிக் குறிப்பு வருகிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு 1763-ல் ட்சுஷிமாவிலிருந்து வந்தது, உருளைக்கிழங்கு அதற்கும் பின். பட்டினியில் கிடக்கும் உங்கள் கதாநாயகி இந்த இரண்டு கிழங்கில் ஒன்றைச் சுட்டுத் தின்றால் கதை அங்கேயே போச்சு. புகையிலையும் போருக்குப் பிந்தியது. பருத்தி உண்டு, பதினான்காம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பஞ்சு வைத்துத் தைத்த உடுப்பு இல்லாதவன் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான்.

எழுதப் படிக்கத் தெரிவது இன்னொரு கண்ணி. ஆவணம் எல்லாம் சீன எழுத்தில்; பெண்களும் சாதாரணரும் படித்தது கொரிய எழுத்து. இதற்கு அழகான ஒரு சான்று இருக்கிறது. 1593-ல் சோன்ஜோ எளிய கொரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு வெளியிட்டார், ஜப்பானியர் கையில் சிக்கிய குடிமக்களுக்கு: திரும்பி வாருங்கள், உங்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டோம், பிறரையும் அழைத்து வந்தால் பரிசு உண்டு. கிம்ஹே கோட்டையைக் காத்த க்வொன் தக் இதை எடுத்துக்கொண்டு எதிரியின் இடத்துக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார். அந்தத் தாள் இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஓடிப்போன அரசரின் கையெழுத்தை நம்பி வெளியே வருவதா வேண்டாமா என்று முகாமுக்குள் கிசுகிசுப்பவர்களை யோசித்துப் பாருங்கள்.

படி 11: எங்கே நிறுத்துவது

1598 கடைசியில் நோர்யாங் கடற்போரோடு வரலாற்றுப் புத்தகம் முடியும். உங்கள் கதை அங்கே முடிய வேண்டிய அவசியமில்லை. பிடித்துப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 1607, 1617, 1624 ஆண்டுகளில் கொரியத் தூதுக்குழுக்கள் ஜப்பான் போய்க் கைதிகளைத் தேடி அழைத்துவந்தன. சிலர் வர மறுத்தார்கள், அங்கே பிள்ளை குட்டி ஆகியிருந்தது. நாகசாகியில் சிலர் போர்த்துக்கீசியர் கைக்குப் போனார்கள். ஃப்ரான்செஸ்கோ கார்லெட்டி என்ற இத்தாலிய வணிகர் ஐந்து கொரியர்களை விலைக்கு வாங்கி, கோவா வரை கொண்டுவந்து அங்கே விடுதலை செய்ததாகவும், அந்தோனியோ என்று பெயரிட்ட ஒருவரை மட்டும் இத்தாலிக்கு அழைத்துப் போனதாகவும் எழுதியிருக்கிறார். கோவாவில் இறங்கிய மற்றவர்கள்? இந்தியக் கரையிலிருந்து இந்தப் போரை எழுத ஒருவருக்கு நியாயமான வாசல் இதுதான்.

கடைசியாகப் பின்னுரை. ஒரு பக்கம் போதும். எந்தப் பாத்திரம் கற்பனை, எந்தச் சம்பவம் எந்தப் பதிவிலிருந்து, எந்த இடத்தில் தேதியை நகர்த்தினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதைக் கதை முடிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், மறந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்த அன்றே படி 3-ல் சொன்ன நோட்டில் ஒரு நான்காவது பத்தி போட்டு, ‘பதிவு’ அல்லது ‘நானே’ என்று எதிரே குறித்துக்கொண்டு வாருங்கள்.